ரெண்டு வீட்டுக்கு ஒன்பது அடி முற்றம்

வீட்டுப் பிளான் கீறிற வேலையில எனக்கு இருபத்தாறு வருசம். "எங்களுக்கு இடம் போதும்" எண்டு சொன்ன ஒரு குடும்பத்தை இன்னும் நான் சந்திக்கேல்லை.

கொழும்பில காணியை பேர்ச்சில அளக்கினம். ஆசையை ஏக்கரில அளக்கினம். ரெண்டையும் ஒரே தாளில அடக்கித் தரச் சொல்லி என்னட்டை வருகினம். நான் பெரிய ஆர்க்கிடெக்ட் இல்லை. பகல்ல ஹார்ட்வெயார் கடையில பைப் அளந்து குடுத்துக்கொண்டு, பின்னேர வகுப்பில படிச்சு டிராஃப்ட்ஸ்மன் ஆன ஆள். அதால கடலைப் பாத்த பங்களா ஒண்டும் என்ர மேசைக்கு வராது. வாறது எல்லாம் அம்மா அப்பா விட்டிட்டுப் போன ஒரு துண்டுக் காணியும், அதில ஆளுக்கொரு வீடு வேணும் எண்டு நிக்கிற சகோதரங்களும்தான். இதை வாசிக்கிற நீங்களும் ஒண்டில் வீடு கட்டியிருப்பியள், இல்லாட்டி பக்கத்து வீட்டுக்காரர் கட்டேக்க சீமெந்துத் தூசி விழுங்கியிருப்பியள். ஆனபடியால் என்ர கஷ்டம் உங்களுக்கு விளங்கும்.

கீழ சொல்லுறது எல்லாம் ஒரே வேலையில நடந்தது. கொட்டாஞ்சேனையில ஒரு ஒழுங்கைக்குள்ள ஒன்பது பேர்ச் காணி, ரெண்டாயிரத்தி நானூற்றைம்பது சதுர அடி வரும், முகப்பு முப்பத்திநாலு அடி. ஒரு அக்காவுக்கும் தம்பிக்கும் ரெண்டு வீடு.

நாலாம் தட்டு

அக்காவின்ர பேர் மாலதி. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவ. வெள்ளவத்தையில ஒரு பிளாட்டில நாலாம் தட்டில இருந்தவ. கட்டடத்தில லிஃப்ட் இருந்தது. அதுக்குள்ள ஆரோ பழைய பெயின்ட் வாளியளை அடுக்கி வைச்சிருந்தினம். அதைப் பாத்த உடனேயே அந்த லிஃப்டின்ர சரித்திரம் எனக்கு விளங்கிச்சு. ஏறி மேல போய்ச் சேரேக்க என்ர ரெண்டு முழங்காலும் தனித்தனியாக் கதைச்சுது.

மாலதி அக்கா லிஸ்ட் எழுதி வைச்சிருந்தா. சாமி அறை வேணும், சாமான் அறை வேணும், குசினியில ரெண்டு பேர் இடிபடாமல் நிண்டு சமைக்க வேணும், வொஷிங் மெஷினுக்கு ஒரு மூலை வேணும். நான் எழுதி எழுதி ரெண்டு பக்கம் முடிஞ்சுது. அவவின்ர கணவர் சோதிலிங்கம் யன்னலுக்குப் பக்கத்தில சில்லுக் கதிரையில இருந்தார். அச்சகத்தில புரூப் பாத்தவர். பாரிசவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்து ஒன்பது மாசம். கிளினிக் நாளில மட்டும் பக்கத்து வீட்டு ஆக்கள் நாலு பேர் கதிரையோட தூக்கிக்கொண்டு இறங்குவினமாம். மற்றும்படி மனுசன் நிலத்தைக் கண்டதில்லை.

எழும்பி வரேக்க, ஒரு மரியாதைக்குக் கேட்டன், "ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?" எண்டு. அவருக்குச் சொல்லு வர நேரமெடுக்கும், வந்தா நேராத்தான் வரும். கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொன்னார்: "எனக்கு அறையொண்டும் தேவையில்லை, தம்பி. ஆரையும் கூப்பிடாமல் நானே வெளியில போய், நானே திரும்பி வரக்கூடிய ஒரு வாசல் கீறித் தாரும்."

இல்லாத கார்

தம்பியின்ர பேர் ரவி. இன்சூரன்ஸ் கம்பனியில வேலை. மனுசி சுகந்தியோடையும் பிள்ளையளோடையும் தெஹிவளையில வாடகைக்கு இருந்தவர். காணியில பழைய வீட்டை இடிச்சு முடிஞ்ச கிழமை, அவையைக் கூப்பிட்டு பிளானை விரிச்சுக் காட்டினன். ரெண்டு பக்கத்து அயலட்டைச் சுவரும் எங்கட எல்லையில முட்டிக்கொண்டு நிக்குது. அந்தப் பக்கம் யன்னல் வைக்க ஏலாது. ஆனபடியால் ஒரு கரையில பன்னிரண்டரை அடியில அக்காவின்ர வீடு, மற்றக் கரையில பன்னிரண்டரை அடியில தம்பியின்ர வீடு, நடுவில ஒன்பது அடி முற்றம். ரெண்டு வீட்டுக்கும் காத்து, வெளிச்சம், உடுப்புக் காயப்போட இடம் எல்லாம் அந்த முற்றம்தான். மதில் கிடையாது.

ரவி எல்லாத்துக்கும் தலையாட்டினார். பிறகு காற்சட்டைப் பொக்கெற்றில இருந்து தன்ர டேப்பை எடுத்தார். முற்றம் வாற இடத்தில நாலு செங்கல்லை நாலு மூலைக்கு வைச்சார். நடுவில போய்க் குந்தி இருந்தார். வலப்பக்கம் இல்லாத கதவைத் திறந்து, இறங்கி, சாத்தி, சுவர் வரப்போற இடத்தில உரசாமல் பக்கவாட்டில நடந்து வந்தார். சுகந்தி குடைக்குக் கீழ நிண்டு வேற எங்கேயோ பாத்தா. இது முதல் தரம் இல்லை எண்டு அந்தப் பார்வையிலேயே தெரிஞ்சுது.

"என்ன கார்?" எண்டு கேட்டன். அதுக்கு அவர் சொன்னது: "இன்னும் வாங்கேல்லை, அண்ணை. ஆனா வாங்கிக்கொண்டு வந்து விட இடமில்லாமல் நிண்டா, பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

திருப்பிப் போட்ட வீடு

கம்பியூட்டரில ஒரு பட்டன் இருக்கு. ஒரு வீட்டைக் கீறிப்போட்டு அதை அமத்தினா, கண்ணாடியில தெரியிற மாதிரி அதே வீடு மற்றப் பக்கம் வந்து விழும். ரெட்டை வீடு கீறிற எங்களுக்கு அது பெரிய கொடை. ரவியின்ர வீட்டை மூண்டு நாள் இருந்து கீறினன். அக்காவின்ர வீட்டைக் கீற ஒரு விரல் போதுமா இருந்தது. தேத்தண்ணி ஆற முதல் வேலை முடிஞ்சுது.

என்ர பிழை என்ன எண்டால், வீட்டைத் திருப்பலாம், திசையைத் திருப்ப ஏலாது. காணியின்ர முன்பக்கம் மேற்கு, பின்பக்கம் கிழக்கு. ரவியின்ர வீட்டில குசினி தென்கிழக்கில அக்கினி மூலையில அச்சொட்டா இருந்தது. அதைத் திருப்பிப் போட, அக்காவின்ர குசினி வடகிழக்கில போய் நிண்டுது. சாமி இருக்க வேண்டிய ஈசான மூலை. மாலதி அக்கா பிளானைக் கனநேரம் பாத்தா. "தம்பி, சாமியின்ர இடத்தில நான் சொதி வைக்கிறதோ?" எண்டா. நான் தாளைச் சுருட்டிக்கொண்டு இறங்கினன்.

அடுத்த கிழமை சாமியை ஈசானத்துக்குக் குடுத்து, அக்காவின்ர குசினியை முற்றப் பக்கம் நகத்தி, பெரிய யன்னலும் வைச்சுக் கொண்டுபோனன். யன்னலைத் திறந்தா முழு முற்றமும் தெரியும். எனக்கே என்னில ஒரு மரியாதை வந்தது. அக்காவுக்கும் நல்லாப் பிடிச்சுது. அண்டைக்கு அங்க வந்திருந்த சுகந்திதான் தாளைத் தன்ர பக்கம் திருப்பி, அந்த யன்னலுக்கு நேர எதிரா, ஒன்பது அடிக்கு அங்கால, தங்கட குளியலறை யன்னல் இருக்கிறதை விரலால தொட்டுக் காட்டினா. சத்தம் போடேல்லை. மெல்லமாத்தான் கேட்டா: "மச்சாள் மீன் வெட்டிக்கொண்டு, எங்கட வீட்டில ஆர் எத்தினை வாளி குளிக்கினம் எண்டு எண்ணிக்கொண்டு நிக்கிறதோ, அண்ணை?"

சுண்ணாம்புக் கோடு

ரவியின்ர குளியலறையைப் படிக்குப் பக்கத்தில தள்ளி, கூரையால வெளிச்சம் எடுத்தன். எல்லாரும் சரியெண்டினம். அத்திவாரம் வெட்ட நாளும் பாத்தாச்சு. அப்பத்தான் ரவி வேலை செய்யிற கந்தோரில ஆரோ ஒரு புத்திசாலி, பொது முற்றம் எண்டா நாளைக்குப் பிள்ளையள் வழக்குப் பேசுவினம் எண்டு சொல்லிப்போட்டான். ரவி எனக்கு ஃபோன் எடுத்து, "நடுவால ஒரு மதில் போட்டா என்ன, அண்ணை?" எண்டார். இது அக்காவின்ர காதுக்குப் போச்சு. "மதில் வேணுமெண்டா போடட்டும். நான் ஒருத்தரிட்டையும் கெஞ்ச மாட்டன்" எண்டா அவ. அதுக்குப் பிறகு ஒரு கிழமையா அக்காவும் தம்பியும் என்னூடாகத்தான் கதைச்சினம். "அவவிட்டைச் சொல்லுங்கோ", "அவனிட்டைச் சொல்லுங்கோ". பிளான் கீறிறதோட டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையும் என்ர தலையில.

மதில் போட்டா ஆளுக்கு நாலேகால் அடி மிஞ்சும். கீழ் அறையள் மத்தியானத்திலும் லைட் கேக்கும். அது கிடக்கட்டும். சோதிலிங்கம் ஐயா கேட்ட வாசல் திறக்கிறது இந்த முற்றத்துக்குத்தான். இதை ரவிக்கு வாயால சொன்னன், தாளில கீறிக் காட்டினன். தாளில கோடு மெல்லிசு. தாளில எல்லாரும் எல்லா இடத்தாலும் போகலாம். கடைசியா மேசன் சுனில் பாஸைக் கூப்பிட்டு, வீட்டுச் சுவர் வாற இடத்தில நூல் கட்டி, மதில் வாற இடத்தில சுண்ணாம்பால கோடு போடச் சொன்னன். ஐயா கட்டிலில கிடக்கிற நேரமாப் பாத்து, அவரின்ர சில்லுக் கதிரையை வாங்கி திரீவீலரில ஏத்திக்கொண்டு போனன்.

ரவியை அதில இருக்கச் சொன்னன். சிரிச்சுக்கொண்டுதான் இருந்தார். நூலுக்கும் கோட்டுக்கும் நடுவால உருட்டிக்கொண்டு பின்பக்கம் வரைக்கும் போனார். போனது சுகம். திரும்பிறதுக்குத்தான் இடமில்லை. ஒருக்கால் திருப்ப சில்லு சுண்ணாம்பில ஏறிச்சு. முன்னுக்கு எடுத்து மற்றப் பக்கம் திருப்ப, நூலில முட்டிச்சு. மூண்டாம் தரமும் கோடு அழிஞ்சுது. சுனில் பாஸ் இடுப்பில கையை வைச்சுக்கொண்டு, "ரிவர்ஸ்ல வாங்க மஹத்தயா, நான் கை காட்டுறன்" எண்டார். ரவி ரிவர்ஸில வந்தார். பாதி வழியில சில்லு மண்ணில புதைஞ்சு நிண்டுது.

அவர் எழும்பேல்லை. கதிரையில இருந்தபடியே, "அத்தான் எத்தினை மாசமாக் கீழ வரேல்லை?" எண்டு கேட்டார். நான் சொன்னன். ஃபோனை எடுத்து அக்காவுக்குத் தானே அடிச்சார். என்ர எக்ஸ்சேஞ்ச் வேலை அதோட போச்சு. அவ வகுப்பில நிண்டதால எடுக்கேல்லை. ஃபோனைப் பொக்கெற்றில வைச்சுக்கொண்டு என்னைப் பாத்துச் சொன்னார்: "காரை ஒழுங்கையில விடலாம், அண்ணை. அத்தானை ஒழுங்கையில விட ஏலாதே."

புரூப் திருத்தம்

மழைக்கு அந்த ஒழுங்கையில தண்ணி நிக்கும். அதால வீட்டுத் தளத்தை ஒன்றரை அடி உயர்த்தினன். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் எண்டது பின்னேர வகுப்பில படிச்ச கணக்கு. அக்காவின்ர சுவரோட பதினெட்டு அடிக்கு ஒரு சரிவுப் பாதை இறக்கி, சுவர்ப் பக்கம் ஒரு இரும்புப் பிடி நீளத்துக்கு வைச்சன். ஐயா இறங்கி வரேக்க நல்ல கைக்கு, வலக்கைக்கு, பிடி நேர வரும். இந்த வேலைக்கு ஆராவது என்னைப் பாராட்ட வேணும் எண்டு நினைச்சுக்கொண்டு பிளானை பிளாட்டுக்கு அனுப்பினன்.

ரெண்டு நாளில திரும்பி வந்தது, சிவப்புப் பேனை அடையாளங்களோட. ஒரு அறையில அகலமும் நீளமும் மாறியிருந்ததை சோதிலிங்கம் ஐயா பிடிச்சிருந்தார். படியில ஒரு படி குறைஞ்சதைப் பிடிச்சிருந்தார். இரும்புப் பிடியைச் சுத்தி வட்டம் போட்டு, ஓரத்தில ஒரு கேள்விக்குறி. அதுமட்டும் எனக்கு விளங்கேல்லை. நாலு தட்டும் ஏறிப் போய்க் கேட்டன்.

"இறங்கேக்க பிடி என்ர வலப்பக்கம், சரி. ஏறேக்க எந்தப் பக்கம்?" எண்டார். ஏறேக்க அதே பிடி இடப்பக்கம் வரும். அவரின்ர இடக்கை மடியில கிடந்தது. இருபத்தாறு வருசமா எத்தினையோ படி கீறியிருக்கிறன். இறங்கிற ஆளுக்கும் ஏறிற ஆளுக்கும் கை மாறும் எண்டு ஒரு நாளும் யோசிக்கேல்லை. அவர் கோபப்படேல்லை. பேனையை மூடிக்கொண்டு சொன்னார்: "உம்மட பிளானின்படி நான் போறன், தம்பி. திரும்பி வரேல்லை."

கந்தோரில ஒரு கேள்வி

ரெண்டு பக்கமும் பிடி வைச்சு, பாதையை நாலடி அகலமாக்கி, அனுமதிக்கு மாநகரசபையில குடுத்தன். கந்தோரில ஒரு மிஸ் பிளானை வரிவரியாப் பாத்தா. சகோதரங்கள் ரெண்டு பேரும் கையெழுத்து வைச்ச சம்மதக் கடிதத்தையும் வாசிச்சா. வீட்டை வீட்டோட ஒட்டுற பிளான் எத்தினையோ கண்டிருக்கிறாவாம், மதில் வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்த ஆக்களை இப்பத்தான் காணுறாவாம். நான் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தன். அவ தாளை மடிச்சு வைச்சிட்டு, சிங்களத்தில, கந்தோர்க் குரலை விட்டிட்டு வீட்டுக் குரலில கேட்டா: "எல்லாம் சரி மஹத்தயா, இந்த முற்றத்தைக் கூட்டுறது ஆர் எண்டு கேட்டீங்களா?"

குடிபூரல்

கேட்டன். ஒரு நாள் அக்கா, ஒரு நாள் சுகந்தி எண்டு முடிவாச்சு. அதைவிடப் பெரிய சிக்கல், வீடு கட்டி முடிஞ்சு பால் காய்ச்சிக் குடிபூரலுக்கு வந்தது. நல்ல நேரம் ஒரு முக்கால் மணித்தியாலம்தான். வீடு ரெண்டு, ஐயர் ஒராள். எந்த வீட்டில முதல் பால் காய்ச்சிறது எண்டு அக்காவும் மச்சாளும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்தே அரைவாசி நேரம் போகப் பாத்துது. "எனக்கு ரெண்டு வீடு இல்லை, ஒரு முற்றம்தான் தெரியுது" எண்டு ஐயர் அடுப்பை முற்றத்து நடுவில வைப்பிச்சார். ஒரே பானையில ரெண்டு பேரும் பால் வாத்தினம். கிழக்குப் பக்கமாப் பொங்கி வழிஞ்சுது. எல்லாருக்கும் சந்தோசம்.

"வீட்டுக்காரர் ரெண்டு பேரும் வாங்கோ" எண்டு ஐயர் கூப்பிட்டார். ரவி பக்கத்திலேயே நிண்டார். சோதிலிங்கம் ஐயாவை விடிய, சனம் வர முதலே கூட்டிக்கொண்டு வந்து உள்ளுக்க இருத்தியிருந்தினம். இப்ப அவர் கதிரையை உருட்டிக்கொண்டு தன்ர வாசலுக்கு வந்து நிண்டார். வந்தவர் நிண்டபடி நிண்டார். என்னெண்டு பாத்தா, பதினெட்டு அடிப் பாதை முழுக்கச் செருப்பு. வந்த அறுவது பேரும் வெறும் நிலத்தில கழட்டாமல், நல்ல வழுவழுப்பான சீமெந்து கண்டவுடனே அதிலதான் வடிவா அடுக்கியிருந்தினம். பிடியில ரெண்டு குடையும் தொங்கிச்சு. நட்ட நடுவில கிடந்த கறுப்புச் சப்பாத்துச் சோடி என்ர.

பழக்கதோசத்தில நாலு பேர் ஓடிப்போய்க் கதிரையை நாலு பக்கமும் பிடிச்சினம். ஐயா வலக்கையால இரும்புப் பிடியை இறுக்கிப் பிடிச்சார், கதிரை அசையேல்லை. "செருப்பைத் தூக்குங்கோ. என்னைத் தூக்க வேண்டாம்" எண்டார். பட்டு வேட்டியோட ரவி குனிஞ்சு அள்ளத் தொடங்கினார். சுனில் பாஸ் அள்ளினார், நானும் அள்ளினன். ஐயர் மணிக்கூட்டைப் பாத்தார்.

பாதை வெறுமையாச்சு. ஐயா ஒரு கையாலும் ஒரு காலாலும் இறங்கினார். பானைக்கு முன்னால கதிரையை நிப்பாட்டி, வலக்கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார். அதோட நிப்பார் எண்டு நாங்கள் நினைக்க, அவர் சனத்தை விலத்திக்கொண்டு கேற்றடிக்குப் போய், ஒழுங்கையை அந்தப் பக்கம் ஒருக்கா இந்தப் பக்கம் ஒருக்காப் பாத்தார். எதிர்க் கடைக்காரர் கையைக் காட்ட, இவரும் காட்டினார். பிறகு அந்த இடத்திலேயே ஒரு வட்டமடிச்சுத் திரும்பினார். ஏத்தத்தில பாதியில மூச்சு வாங்க நிண்டார். ரவி ஒரு அடி முன்னுக்கு வைச்சார். சுகந்தி அவரின்ர சால்வையைப் பிடிச்சு நிப்பாட்டினா. ஐயா பிடியை மாத்திப் பிடிச்சு, ஒரு இழுவை, இன்னொரு இழுவை, வாசலுக்குள்ள ஏறிட்டார். கைதட்டவேணும் போல இருந்தது, ஒருத்தரும் தட்டேல்லை. குசினி யன்னலுக்குள்ள நிண்டு எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருந்த மாலதி அக்கா, வேலை முடிஞ்சு வீட்டை வாற எந்த மனுசனையும் கேக்கிற மாதிரிக் கேட்டா: "வந்திட்டீங்களோ? தேத்தண்ணி ஊத்தட்டே?"

ஒன்பது அடி முற்றமும் விட்டு, பாதைக்கு ரெண்டு பக்கமும் பிடியும் வைச்சு, அறுவது பேர் செருப்புக் கழட்ட ஒரு முழம் இடம் விட மறந்த நான்தான், இருபத்தாறு வருச அனுபவம் எண்டு விசிட்டிங் காட் அடிச்சு இன்னும் எல்லாருக்கும் குடுத்துக்கொண்டு திரியிறன்.